சீன 1541 நகலா, பழைய ஜப்பான் ஹெட்டா? தோலும் கித்தானும் தைக்க எதை வாங்குவது?

பைக்காரன்:
தோல் பெல்ட், கித்தான் பை, டூல் பேக் தைக்கும் சின்னப் பட்டறைக்கு ஒரே ஒரு மெஷின் வேண்டும். தோல் 2 முதல் 4 மி.மீ., இரண்டு மடிப்பு. ஆக, கைப்பிடி சேரும் இடத்தில் 8 மி.மீ. வரை வரும். கித்தான் 18 அவுன்ஸ், சதுர மீட்டருக்குச் சுமார் 610 கிராம். சீனாவிலிருந்து நேரே வரவழைக்கலாம், இங்கே டீலரிடம் ஜூகி 1541-இன் சீன நகலை எடுக்கலாம், இல்லையென்றால் மூடிய ஷூ கம்பெனிகளிலிருந்து வரும் பழைய ஜப்பான் ஜூகி ஹெட் (டேபிள், மோட்டார் இல்லாத மெஷின் தலை) எடுக்கலாம். இன்னொன்று: "ஹெவி டியூட்டி" என்று போட்ட சாதா பவர் மெஷின் இதைவிட ரொம்பக் குறைவாகக் கிடைக்கிறதே, அது போதாதா?

ஹூக்டைமிங்:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். போதாது. சாதா பவர் மெஷினில் அடிப்பல் (துணியைக் கீழிருந்து நகர்த்தும் பல்) மட்டும்தான் இழுக்கும். மேல் தோல் பாதத்தில் ஒட்டிக்கொண்டு பின்தங்கும். ஒரு முழம் தைத்து முடிக்கும்போது மேல் துண்டு சில மி.மீ. நீண்டு நிற்கும், பசை போட்டு ஒட்டியிருந்தால் சுருக்கம் விழும். அதில் போகும் டிபி×1 வகை ஊசி மெலிசு. தடித்த நூலுக்கு ஹூக்கிலும் (கீழே சுழன்று மேல்நூலைப் பிடிக்கும் கொக்கி) இடம் இல்லை.

உங்களுக்கு வேண்டியது அடிப்பல், ஊசி, உள்பாதம் மூன்றும் ஒன்றாக நகரும் காம்பவுண்ட் ஃபீட். கடைக்காரர்கள் எல்லாவற்றையும் "வாக்கிங் ஃபுட்" என்றே சொல்வார்கள், அந்தப் பெயரை நம்பாதீர்கள். வீலைக் கையால் சுற்றுங்கள். ஊசி தோலுக்குள் இருக்கும்போதே பின்பக்கம் நகர்ந்தால் சரி. நேராக இறங்கி நேராக ஏறினால், பாதம் எவ்வளவு துள்ளினாலும் அது வேறு வகை.

ஆம்பூர்க்காரர்:
வகை சரி. ஆனால் சீன நகல் வேண்டாம். வரைபடம் ஒன்றாக இருக்கலாம், இரும்பு ஒன்றில்லை. ஸ்க்ரூ மெத்து. இரண்டு தடவை கழற்றி மாட்டினால் தலை வழுக்கிவிடும், மூன்றாவது தடவை மரையே போகும். ஹூக்கின் முனையில் கடினம் பத்தாது, ஊசி ஒருமுறை உரசினாலே மழுங்கும். பல் கத்தி மாதிரி கூராக வரும், மெழுகிட்ட தோலின் அடிப்பக்கத்தில் கோடு கோடாகத் தழும்பு விழும். நல்ல நிலையில் ஒரு பழைய ஜூகி டிஎன்யூ 1541, கிடைக்காவிட்டால் அதற்கு முந்திய எல்யூ 563, இந்த இரண்டில் ஒன்றைத் தேடுங்கள். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் பழைய மெஷினுக்குப் பஞ்சமில்லை. போஸ்ட் பெட்டை (தைக்கும் தளம் தூண் மாதிரி உயர்ந்து நிற்கும் மெஷின்) தலையில் கட்டிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஷூவின் மேல்பாகத்துக்கு அது அருமை, தட்டையான பைக்கு ஆகாது.

கன்டெய்னர்:
"சீனா என்றால் மட்டம்" என்ற பேச்சு எத்தனை வருஷத்துக்கு ஓடும் அண்ணே? ஜெர்மனியின் டர்கோப் அட்லரே 2005 முதல் ஷாங்காயின் ஷாங்காங் கையில் இருக்கிறது. ஜூகிக்கும் சீனாவில் தொழிற்சாலை உண்டு. சேஜியாங் மாகாணத்தின் தைசோ பக்கம் முழுக்கத் தையல் மெஷின் தொழில்தான், உதிரியும் அங்கிருந்துதான் உலகம் முழுக்கப் போகிறது.

பழைய ஹெட்டின் கணக்கையும் சொல்லுங்களேன். இரண்டு ஷிஃப்ட் ஓடிய மெஷினில் ஊசித்தண்டைப் பிடித்திருக்கும் புஷ் (உலோக வளையம்) தேய்ந்திருக்கும். தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் கையிலேயே தெரியும். ஹூக் பாதையில் நகத்தை ஓட்டுங்கள், பள்ளம் தட்டினால் ஹூக் மாற்றியாக வேண்டும். அசல் ஹூக் போட்டால் வாங்கியபோது மிச்சப்பட்ட பணம் பெருமளவு அதிலேயே போகும். ஜப்பானில் ஓடி வந்த செட் என்றால் மோட்டார் 100 வோல்ட் அல்லது 200 வோல்ட் மூன்று பேஸ். நம் 230 வோல்ட் ஒற்றை பேஸில் அது ஓடாது.

ஆம்பூர்க்காரர்:
மோட்டார் என்றைக்கானாலும் மாற்றக்கூடிய பொருள். பழைய கிளச் மோட்டாரைத் தோலுக்கு யார் வைத்துக்கொள்வார்கள்? வார்ப்பை மாற்ற முடியுமா, அதைச் சொல்லுங்கள்.

ஹூக்டைமிங்:
வார்ப்பு உடைந்து வந்ததாக வரும் புகார் குறைவு. நகல் மெஷினில் தகராறு வேறு இடத்தில்: பொருத்தியவர் முடிக்காமல் விட்டிருப்பார். பெட்டி பிரித்ததும் ஓட்டாதீர்கள். செய்யவேண்டியது இவ்வளவும்.

துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய கிரீஸை மண்ணெண்ணெய் தொட்டுத் துடையுங்கள். எண்ணெய்த் துளைகளில் வார்ப்பு மணலோ தூளோ அடைத்திருக்கும். கம்பி விட்டுப் பார்த்து, சிவப்புக் குறியிட்ட எல்லா இடத்திலும் எண்ணெய் விட்டு, 10 நிமிஷம் நூல் இல்லாமல், பாதத்தைத் தூக்கி வைத்து மெதுவாக ஓட்டுங்கள். வடியும் எண்ணெய் கறுப்பாக இருந்தால் துடைத்துவிட்டு மறுபடி விடுங்கள்.

அடுத்து பிசிறு. நூல் போகும் வழி முழுக்க, அதாவது டென்ஷன் தட்டு, நூல் இழுக்கும் கைத்துளை, ஊசித் தகட்டுத் துளை, ஹூக் முனையின் பின்பக்கம் என எல்லா இடத்திலும் நைலான் நூலை இழுத்து உரசிப் பாருங்கள். நார் எழுந்தால் அங்கே பிசிறு உண்டு. அங்கே 600, பிறகு 1000, பிறகு 2000 எண் எமரி தாளால் தேயுங்கள். துளைக்குள் பாலிஷ் பேஸ்ட் தடவிய நூலை விட்டு இழுக்கலாம். ஹூக்கின் கூர்முனையை மட்டும் தொடாதீர்கள். முனை மழுங்கினால் தையல் விடும்.

பிறகு டைமிங், அதாவது ஊசியும் ஹூக்கும் சந்திக்கும் நேரம். ஊசி அடிமட்டம் தொட்டு 2 முதல் 2.5 மி.மீ. ஏறும்போது ஹூக் முனை ஊசியின் நடுவில், கண்ணுக்கு 1.5 மி.மீ. மேலே நிற்க வேண்டும். ஊசிக்கும் முனைக்கும் நடுவில் மெல்லிய காகிதம் அளவு இடைவெளி போதும். இதை நீங்கள் தைக்கப்போகும் ஊசியையே போட்டுப் பாருங்கள். 18-ஆம் எண் ஊசியில் செட் செய்து வந்த மெஷினில் 23 போட்டால் முனை ஊசியை உரசும். முனை மழுங்குகிறது என்று அண்ணன் சொன்னதில் பாதி இதனால்தான், இரும்பினால் இல்லை. ஊசியே முன்பின் ஆடும் மெஷின் என்பதால் ரிவர்ஸிலும் ஒருமுறை சரிபார்க்கணும்.

பல் தழும்புக்கு மருந்து எளிது. பாத அழுத்தத்தைக் குறையுங்கள், பல்லின் கூரை எண்ணெய்க் கல்லில் மெல்லத் தட்டையாக்குங்கள். கித்தானுக்குக் கொஞ்சம் பல் வேண்டும், முழுக்க வழித்துவிடாதீர்கள். அழுத்தத்தை ரொம்பக் குறைத்தால் ஊசி ஏறும்போது தோலும் கூடவே எழும்பி, நூல் வளையம் சரியாக உருவாகாமல் தையல் விடும்.

ஆம்பூர்க்காரர்:
ஆக, காசு கொடுத்து வாங்கிய புது மெஷினை ஒரு நாள் உட்கார்ந்து நாமே முடிக்க வேண்டும். இதைத்தானே நானும் சொன்னேன்!

ஹூக்டைமிங்:
ஆமாம். பழையதிலும் அதே ஒரு நாள் போகும். புதியதில் முடித்துக்கொடுக்கும் வேலை, பழையதில் தேய்ந்ததை மாற்றும் வேலை. மெக்கானிக் கூலி இரண்டுக்கும் ஒன்றுதான், உதிரிச் செலவில்தான் வித்தியாசம் வரும்.

பைக்காரன்:
441 வகை என்று பெரிய கை நீண்ட மெஷின் விற்கிறார்கள். பின்னால் தடித்த தோல் வந்தால் உதவும் என்று அதையே வாங்கிவிடலாமா? நேரடி இறக்குமதி பற்றி யாரும் சொல்லவில்லை.

ஆம்பூர்க்காரர்:
441 என்பது ஜூகி டிஎஸ்சி 441-இன் நகல். சேணம், குதிரைக் கடிவாளம், தடித்த பெல்ட்டுக்குப் பிறந்த மெஷின். அதன் ஊசியே வேறு, 794 வகை. டெக்ஸ் (நூலின் தடிப்பைச் சொல்லும் எண்) 270 நூல் என்றால் ராஜா. நீங்கள் பையின் லைனிங்குக்கு டெக்ஸ் 70 போட்டால் அடியில் கொத்துக் கொத்தாக நூல் சிக்கும். 8 மி.மீ.-க்கு அது தேவையில்லை. இதில் மட்டும் எனக்கும் மற்றவர்களுக்கும் சண்டை இல்லை என்று நினைக்கிறேன்.

கன்டெய்னர்:
சண்டை இல்லை. இறக்குமதிக்கு வருகிறேன். தொழிலுக்குக் கொண்டுவர பான் எண்ணோடு இணைந்த ஐஇசி (இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண்) வேண்டும். சுங்கத்தில் சரக்கை வகைப்படுத்தும் எச்.எஸ். தலைப்பு 8452. சரக்கு விலை, கப்பல் வாடகை, காப்பீடு சேர்ந்த மதிப்பின் மேல் சுங்க வரி, அதையும் சேர்த்த தொகையின் மேல் ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கும் போடும் ஜிஎஸ்டி). சாதாரண ஜிஎஸ்டி பதிவு இருந்தால் ஐஜிஎஸ்டியை உள்ளீட்டு வரவாக எடுக்கலாம். காம்போசிஷனில் (சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி திட்டம்) இருந்தால் அது செலவுதான். மரப்பெட்டி என்றால் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை (மரத்தில் பூச்சி இல்லாதபடி பதப்படுத்தியதற்கான சர்வதேச அடையாளம்) கேளுங்கள், இல்லாவிட்டால் துறைமுகத்தில் பூச்சி மருந்துப் புகை, தாமதம், வாடகை. ஹெட்டும் மோட்டாரும் மட்டும் கொண்டுவாருங்கள். டேபிளும் ஸ்டாண்டும் இங்கேயே கிடைக்கும், காற்றுக்கு ஏன் கப்பல் வாடகை?

ஹூக்டைமிங்:
ஐந்து, ஆறு மெஷினுக்கு இந்தக் கணக்கு சரி. ஒரே மெஷினுக்குச் சரிவராது. பகிர்வுக் கன்டெய்னரில் எவ்வளவு சின்னப் பெட்டியானாலும் குறைந்தபட்சக் கட்டணம் உண்டு. ஏஜென்டின் கட்டணமும் ஒன்றுக்கும் ஆறுக்கும் பெரிதாக மாறாது. அதைவிட முக்கியம், டேபிளோடு வந்த டீலர் மெஷினில் ஹூக் உரசினால் கடையில் கொண்டுபோய் வைக்கலாம். நேரடியாக வந்ததற்கு வீடியோ அனுப்பிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கன்டெய்னர்:
டீலர் லாபம் சும்மா போகிறதே என்றுதான் சொன்னேன். ஒன்றுக்கு என்றால் சரி, டீலர்.

ஹூக்டைமிங்:
டீலரிடம் கேட்கவேண்டியவை: ஹூக்கில் சேஃப்டி கிளச் உண்டா? 1541எஸ் வகையில் இருக்கும். தடித்த நூல் ஹூக்கில் சிக்கினால் கிளச் விடுபட்டு ஹூக் தப்பும், பொத்தானை அழுத்தி வீலைச் சுற்றினால் மறுபடி மாட்டிக்கொள்ளும். அது இல்லாததை விலை குறைவு என்று எடுக்காதீர்கள். மோட்டார் 750 வாட் சர்வோ (வேகத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய மோட்டார்), 45 அல்லது 50 மி.மீ. சின்னப் புல்லி. 550 வாட் சர்வோ குறைந்த வேகத்தில் 8 மி.மீ. தோலில் முனகி நிற்கும். அப்படி நின்றால் 3-க்கு 1 வேகக்குறைப்பி போட்டால் இழுவை ஏறும்.

ஊசி 135 வகை: தோலுக்கு வெட்டுமுனை 135×16, கித்தானுக்கு உருண்டை முனை 135×17. நூல் டெக்ஸ் 70-க்கு 18, டெக்ஸ் 90-க்கு 19 அல்லது 20, டெக்ஸ் 135-க்கு 22. இந்த மெஷினுக்கு மேலும் கீழும் டெக்ஸ் 135 வசதியான எல்லை.

ஆம்பூர்க்காரர்:
சரி, டீலரிடமே போகட்டும். ஆனால் கடை வைத்திருக்கும் மெல்லிய ரெக்சினில் ஓட்டிக்காட்டுவதைப் பார்த்துத் தலையாட்டாதீர்கள். உங்கள் தோல், உங்கள் நூல், 22 ஊசி. 4 மி.மீ.-யில் தொடங்கி 8-க்கு ஏறி மறுபடி 4-க்கு இறங்குங்கள். ஏறும் இடத்தில் தையல் குறுகினால் பாதம் மாறி மாறித் தூக்கும் உயரம் பற்றவில்லை. அங்கேயே கூட்டச் சொல்லுங்கள். பிறகு 6 மி.மீ. நீளத்தில் பத்துத் தையல் முன்னால், பத்து ரிவர்ஸ். அதே துளைகளில் விழ வேண்டும்.

பைக்காரன்:
விழாவிட்டால்?

ஆம்பூர்க்காரர்:
பாதித் தையலுக்குள் என்றால் ரிவர்ஸ் நீளத்தைச் சரிசெய்யும் ஸ்க்ரூவில் அடங்கும், மெக்கானிக்கை உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள். திருப்பியும் நிற்காமல் ஒவ்வொரு முறை ஒவ்வொரு இடத்தில் விழுந்தால், அந்த ஹெட்டை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள்.