திரைக்குள்ளே போக யாரைப் பிடிக்க வேண்டும்?

கல்லடிப்பிள்ளை:

கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து நாலு மாதம். வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம், வலது கை இன்னும் தூக்க முடியாது, பேச்சும் பாதிதான். நாங்கள் மெதடிஸ்ட் குடும்பம். அம்மா நடமாடின காலத்தில் பின்னேரம் ஆறரை ஆனால் பாயை விரித்துவிடுவார், ஒரு சங்கீதம், ஒரு பாட்டு, ஜெபம். இப்போது அந்த நேரத்தில் அவருக்குக் கரண்டியால் கஞ்சி பருக்கிக்கொண்டிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் எனக்கு ஜெபமே வருவதில்லை. முழங்காலில் நின்றால் வாய் காய்ந்துபோகிறது.

போன கிழமை மாமி வந்தவர், "நீ ஜெபிச்சாப் போதாது பிள்ளை, அபிஷேகம் உள்ள ஆக்களைப் பிடிக்கணும்" என்று ஒரு பாஸ்டருக்கு போன் எடுத்து என் கையில் தந்துவிட்டார். அவர் ஜெபிப்பதற்கு முன்பே, வீட்டில் மறைத்து வைத்த பாவம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அன்றிலிருந்து அதுதான் தலைக்குள் சுற்றுகிறது. ஒரு கந்தோரில் காரியம் ஆகவேண்டும் என்றால் உள்ளே தெரிந்த ஆள் வேண்டும், தேவனிடத்திலும் அப்படித்தானா? எபிரெயர் 4:16இல் "தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே" வரச் சொல்லியிருக்கிறதே, அந்தத் தைரியம் ஜெபம் வராத ஆட்களுக்கும் சேர்த்தா?

முகத்துவாரத்தான்:

தங்கச்சி, மாமி சொன்னதில் பாதி சரி. உள்ளே ஆள் வேண்டும்தான். ஆனால் அந்த எபிரெயர் நிருபம் முழுக்க எழுதியிருப்பதே, ஆள் ஏற்கெனவே உள்ளே போய்விட்டார் என்பதைத்தானே.

லேவியராகமம் 16ஐ எடுத்துப் பாருங்கள். கூடாரத்தில் திரைக்கு உள்ளே இருக்கிற மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் வருசத்தில் ஒரு நாள், ஒரே ஒரு மனுசன், பிரதான ஆசாரியன்தான் போகலாம், அவனும் முதலில் தன் பாவத்துக்கு ஒரு காளையை அடித்துவிட்டுத்தான் ஜனத்தின் ஆட்டுக்கடாவுக்கு வரவேண்டும். (அவன் காலில் கயிறு கட்டி விட்டார்கள், செத்தால் இழுத்தெடுக்க, என்று பிரசங்கங்களில் சொல்வார்கள், நீங்களும் கேட்டிருப்பீர்கள். பைபிளில் அப்படி ஒன்றும் இல்லை, அது பிற்காலத்துக் கதை. மணிச்சத்தம் நின்றால் இழுப்பார்களாம்! அன்றைக்கு அவன் உள்ளே போனது மணி தொங்கும் அங்கியோடுகூட இல்லை, வெறும் சணல்நூல் உடுப்போடு.) போனவன் வெளியே வந்தால் அடுத்த வருசம் திரும்பவும் அதே வேலை. அவன் செத்தால் இன்னொருவன். இயேசுவோ போனவர் போனவர்தான், வெளியே வந்து இன்னொருவரிடம் முறை மாற்றிக் கொடுக்கவில்லை. எபிரெயர் 7:25 சொல்வது அதைத்தான், வேண்டுதல் செய்ய "எப்பொழுதும் உயிரோடிருக்கிறவர்". நீங்கள் கஞ்சி பருக்குகிற ஆறரைக்கும் சேர்த்து.

இன்னொன்று. எங்கள் அப்பா கடல் தொழில். நங்கூரம் தோணிக்குள்ளே கிடக்கும்வரை அது வெறும் இரும்பு, தண்ணிக்குள் போய்க் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மணலைப் பிடித்தால்தான் வேலை, நம் கையில் இருப்பது கயிறு மட்டும். எபிரெயர் 6:19இல் நம்பிக்கையை ஆத்தும நங்கூரம் என்கிறார், ஆனால் அது கீழே போகவில்லை, திரைக்குள்ளே போகிறது, அங்கே "முன்னோடினவர்" ஒருவர் நிற்கிறார். வாடைக் காலத்தில் தோணி ஆடத்தான் செய்யும். ஆடுகிறது என்பதற்காக நங்கூரம் விட்டுவிட்டது என்று அப்பா ஒரு நாளும் சொன்னதில்லை. உங்கள் வாய் காய்வது தோணி ஆடுகிற ஆட்டம்.

பாண்டிருப்பு வாசகன்:

நான் கத்தோலிக்கன், நுழையலாமோ தெரியாது. கந்தோர் உதாரணத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது அண்ணன். கந்தோரில் ஆள் பிடிப்பது ஏன்? பெரியவருக்கு நம்மில் அக்கறை இல்லை என்பதால். அதை இங்கே கொண்டுவந்தால் பிதா முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கிற மாதிரியும், கிறிஸ்து தரகர் மாதிரியும் ஆகிவிடும். அனுப்பினதே பிதாதானே, யோவான் 3:16.

எங்களுக்குக் குருவானவர் உண்டு, நோயாளிக்கு எண்ணெய் பூச வருவார், ஆகவே மனுசரைக் கூப்பிடவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் போதனையிலும் ஒரே தலைமைக் குரு கிறிஸ்துதான், மற்றவர்கள் அவருடைய குருத்துவத்தில் பங்குள்ளவர்கள். ஞானஸ்நானம் பெற்ற எல்லோருக்கும் பொதுக் குருத்துவம் உண்டு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் எழுதியே வைத்தது. அதனால் கஞ்சிக் கரண்டி பிடிக்கிற உங்கள் கையும் குருத்துவக் கைதான் அக்கா. ஜெபம் வரவில்லை என்றீர்களே, எபிரேயர் 5:7 பாருங்கள், அவரே உரத்த குரலில் கண்ணீரோடு மன்றாடினவர். அழகாக வசனம் கோத்துச் சொன்னார் என்று அங்கே இல்லை.

நாலாம்வரிசை:

பாஸ்டர்மார் பக்கம் ஒருவராவது பேசவேண்டுமே. என் அப்பாவும் பாஸ்டர். கூப்பிட்டது பிழை இல்லை, யாக்கோபு 5:14இல் வியாதிப்பட்டால் சபையின் மூப்பரை வரவழைக்கச் சொல்லியிருக்கிறது. (வரவழைக்கச் சொல்லி, போனில் இல்லை, அது வேறு கதை.) ஆனால் அந்தக் கேள்வி பிழை. பிறவிக்குருடனைப் பார்த்து, யார் செய்த பாவம் என்று சீஷர் கேட்டதும் அதே கேள்விதான், இயேசு இவனும் இல்லை, பெற்றவர்களும் இல்லை என்றார். யோவான் 9. அதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஒன்று மட்டும். பழைய ஆசாரியன் தோளில் இரண்டு கல், கல்லுக்கு ஆறு பேராகப் பன்னிரண்டு கோத்திரத்தின் பெயர், மார்ப்பதக்கத்திலும் அதே பன்னிரண்டு பெயர், யாத்திராகமம் 28. அவன் பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும்போது வெளியே நிற்கிறவன் தூங்கினாலும் அவன் கோத்திரத்தின் பெயர் உள்ளே போகும்.

கல்லடிப்பிள்ளை:

எல்லோருக்கும் நன்றி. கயிற்றுக் கதையைச் சின்ன வயதில் ஞாயிறு பாடசாலையில் கேட்டுப் பயந்து இரவு தூங்காமல் கிடந்திருக்கிறேன், இத்தனை வருசம் கழித்துச் சிரிப்பு வருகிறது.

நேற்று ஆறரைக்குக் கஞ்சி ஆறும்வரை 5:7ஐச் சத்தமாக வாசித்தேன், ஜெபம் என்று ஒன்றும் சொல்லவில்லை. "கண்ணீரோடும்" என்ற இடத்தில் அம்மா இடது கையால் என் முழங்கையைத் தட்டினார். கஞ்சி கேட்கிறாராக்கும் என்று கரண்டியை எடுத்தேன், தலையை ஆட்டிவிட்டுப் புத்தகத்தைக் காட்டினார். திரும்ப வாசித்தேன். மூன்றாம் தரமும் தட்டினார். கஞ்சி ஆறி ஏடு கட்டிவிட்டது, திரும்பச் சூடாக்க வேண்டி வந்தது.

மாமி ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அவருக்கு என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை, முகத்துவாரத்தான் அண்ணன், அந்த நங்கூரக் கதையை நான் சொன்னால் எடுபடுமா?