மறு: பென்டாமிரருக்கு ‘ஐயாடி’ சரிவருமா?

வணக்கம்.

> பென்டாபிரிசம் – ஐம்பட்டகம், பென்டாமிரர் – ஐயாடி. சுருக்கமாக இருக்கின்றன. தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்களின் குறைகளை ஒப்பிடும் அட்டவணையில் இப்படியே போட்டுவிடலாமா?

டிஎஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸ் வழியே வரும் பிம்பத்தை நிமிர்த்தி, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்கு அனுப்பும் உறுப்பின் இரு வகைகளுக்குத்தானே பெயர் தேடுகிறோம்? ஐம்பட்டகம் இருக்கட்டும். முப்பட்டகம் படித்தவர்களுக்கு அது உடனே பிடிபடும். ஐயாடிதான் இடிக்கிறது. (ஐயடிகள் காடவர்கோன் நாயனார் நினைவுக்கு வருவது தனிக்கதை.) ஐந்து ஆடிகள் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? ‘பென்டா’ குறிப்பது பக்கவாட்டில் தெரியும் ஐங்கோண வடிவத்தை. ஒளி தெறிப்பது மூன்று பரப்புகளில்தான்: கூரைபோல் சாய்ந்த இரண்டு, முன்பக்கம் ஒன்று.

கேமரா வாங்கப் போகிறவருக்கு அந்த எண்ணிக்கையும் வேண்டாம். உள்ளே கெட்டிக் கண்ணாடியா, வெறும் காற்றா என்று தெரிந்தால் போதும். பட்டகம் ஒரே கண்ணாடிக் கட்டி; கனம், விலை இரண்டும் கூடுதல். மற்றது ஆடிகள் பதித்த வெறும் கூடு. எடையும் செலவும் மிச்சம். ஆனால் ஒவ்வொரு தெறிப்பிலும் கொஞ்சம் ஒளி போகும், காற்றின் வழியே வருவதால் பிம்பமும் சிறுத்துத் தெரியும். கேனன் 1500டி, 3000டி, நிக்கான் டி3500 மூன்றிலும் இந்தக் கூடுதான். வியூஃபைண்டர் உருப்பெருக்கம் கேனன்களில் 0.8 மடங்கு, நிக்கானில் 0.85. ஆகவே என் பரிந்துரை ‘ஆடிக்கூடு’.

> லென்ஸுக்குப் பின்னால் ஆடி ஏறி இறங்கும் இடத்தைத்தான் ஆடிக்கூடு என்பார்கள் என்று குழம்ப மாட்டார்களா?

நியாயமான கேள்வி. அதற்கு ‘ஆடிப்பெட்டி’ என்று வைத்துவிடலாம். வாங்கும்போது அதை யாரும் ஒப்பிடப் போவதில்லை, அட்டவணையில் இரண்டும் மோதாது. ‘கூரையாடி’யும் யோசித்தேன், இருகண்ணோக்கியில் (பைனாகுலர்) கூரைப்பட்டகம் என்றே ஒன்று இருப்பதால் அங்கே வம்பு வரும்.

அப்புறம், கவரேஜுக்கு, அதாவது படத்தில் பதிவாவதில் எவ்வளவு வியூஃபைண்டரில் தெரிகிறது என்பதற்கு, ‘காட்சிப்பரப்பு’ என்று போட்டிருக்கிறீர்கள். அதை ஏற்க முடியாது. இந்த மூன்றுக்கும் நிறுவனங்கள் சொல்லும் 95 விழுக்காடு, அகலத்தில் 95, உயரத்தில் 95. பெருக்கிப் பார்த்தால் பரப்பில் 90தான் தேறும். பரப்பு என்று எழுதிவிட்டு 95 என்று போட்டால் கணக்கே தப்பு. வாங்கியவர் வியூஃபைண்டரில் பார்த்துக் கோபுரத்தை மட்டும் கச்சிதமாகப் பிடித்தோம் என்று நினைப்பார். படத்தில் ஓரத்து மின்கம்பமும் வந்து நிற்கும். ‘காட்சியளவு’ என்று தலைப்பிட்டு, ‘அகலம் 95, உயரம் 95’ என்று விரித்தே எழுதுவோம். பென்டாக்ஸ் கே-70க்கு ‘ஐம்பட்டகம், 100’ என்று பக்கத்தில் வந்தால், அதன் கூடுதல் விலை எதற்கு என்பதும் ஓரளவு விளங்கும்.

குவிய மோட்டார் (லென்ஸைத் தானாகக் குவிக்கும் மோட்டார்) வரிசையில் மோட்டாரை மின்னோடி ஆக்க வேண்டாம். தண்ணீர் மோட்டார் இருக்கிற ஊரில் அது எல்லோருக்கும் புரியும் சொல். ஆனால் டி3500க்கு நேரே வெறுமனே ‘இல்லை’ என்று போட்டால், தானாகக் குவியாத கேமரா என்று எடுத்துக்கொள்வார்கள். ‘உடலில் இல்லை, லென்ஸில் இருக்க வேண்டும்’ என்று எழுதுங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று, தனக்குள் மோட்டார் இல்லாத பழைய 50 மி.மீ. எஃப்/1.8 டி லென்ஸை வாங்கி மாட்டினால் கையால்தான் திருகிக் குவிக்க வேண்டும். 3000டியில் லென்ஸ் மாட்டும் பிளாஸ்டிக் வளையத்துக்குப் புதுச்சொல் எதுவும் தேவையில்லை.

ஆடிக்கூடு பற்றி மாற்றுக்கருத்து இருந்தால் அட்டவணையைப் பூட்டுவதற்கு முன் சொல்லுங்கள்.