சித்திரைக்குச் சூடான பட்டர்நட் புட்டிங்: பரங்கியைச் சுடுவதா, வேகவைப்பதா?

மாரிட்ஸ்பர்க் அடுப்படி:
சித்திரைப் பிறப்பு இந்தியாவில் வெயில் ஏறும் நேரத்தில் வருகிறது. தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நமக்கோ அது இலையுதிர் காலத்தில், மாலையானால் ஸ்வெட்டர் தேடும் நாள்களில் வருகிறது. ஆகவே இம்முறை பாயசத்தோடு, பட்டர்நட் என்னும் பரங்கி வகையில் சூடான புட்டிங்கும் செய்யப் போகிறேன். இதற்குப் பரங்கியை வேகவைக்கும் பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும் என்பதே என் வாதம். சுட்டால்தான் ஈரம் வற்றி, இனிப்பும் மணமும் கூடும். ஒரு கிலோ பட்டர்நட்டை நீளவாக்கில் பிளந்து, விதையை வழித்தெடுத்து, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் கவிழ்த்து, 200 டிகிரி ஓவனில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் சுட வேண்டும். விளிம்பு பழுப்பேறி, கசிந்த சாறு தட்டில் பாகுபோல் ஒட்டியிருக்கும். அதையும் சுரண்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள். 500 கிராம் மசியலுக்கு மூன்று முட்டை, 250 மில்லி க்ரீம், 120 கிராம் பழுப்புச் சர்க்கரை, ஒன்றரைத் தேக்கரண்டி பட்டைத்தூள், அரைத் தேக்கரண்டி சுக்குத்தூள், கொஞ்சம் ஜாதிக்காய், ஒரு சிட்டிகை கிராம்புத்தூள் போதும். வெந்நீர் ஊற்றிய தட்டுக்குள் பாத்திரத்தை வைத்து, 160 டிகிரியில், நடுப்பகுதி இலேசாக ஆடும் பதம் வரை பேக் செய்யுங்கள்.

செட்ஸ்வர்த் தாத்தா:
தங்கச்சியின் செய்முறையில் குறை காண மாட்டேன். "விட்டுவிட வேண்டும்" என்ற தீர்ப்பில்தான் எனக்கு உடன்பாடில்லை. பரங்கியைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிடுவது வேறு, இட்லிப் பானையில் ஆவியில் வேகவைப்பது வேறு. ஆவியில் வெந்ததை மெல்லிய துணியில் கட்டி அரை மணி நேரம் தொங்கவிட்டு, பிறகு நெய்யில் கிளறினால் ஈரம் போய்விடும். பட்டை, சுக்கு, கிராம்பு மூன்றையும் அந்த நெய்யிலேயே வாட்டினால், பச்சையாகத் தூவுவதைவிட மணம் நன்றாக இறங்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெள்ளைத் தோலுள்ள 'போயர் பரங்கி' என்னும் வகையை அந்தக் காலத்துப் பண்ணை வீடுகளில் கூரைமேல் அடுக்கி வைத்துக் குளிர்காலம் முழுவதும் எடுத்துச் சமைத்தார்கள். கொடியிலிருந்து பறித்த பரங்கி இருக்க இருக்க அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. நன்கு முற்றி, சில வாரம் இருந்த காயைத் தேர்ந்தெடுப்பவருக்கு, இனிப்புக்காக ஒரு மணி நேரம் மின்சாரத்தை எரிக்க வேண்டிய அவசியம் என்ன?

லெனேசியாவாசி:
ஐயாவின் முறை அவர் இருக்கும் கடலோர டர்பனுக்குப் பொருந்தும். நான் இருக்கும் ஜொகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. இங்கே தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், இட்லிப் பானையில் பரங்கி வேக நெடுநேரம் ஆகிறது. குக்கரில் வைத்தால் விரைவில் வெந்தாலும் நீர் கோத்துக்கொள்கிறது. ஓவனுக்கு அந்தத் தொல்லை இல்லை என்பதால் நான் சுடும் கட்சி.

மாரிட்ஸ்பர்க் அடுப்படி:
ஈரத்தைப் போக்குவது மட்டுமே நோக்கமென்றால் ஐயாவின் துணியே போதும். ஆனால் மேற்பரப்பில் நீர் இருக்கும் வரை சூடு கொதிநிலையைத் தாண்டாது. பழுப்பேறும் மணமோ 140 டிகிரி அளவில்தான் வேகமாகப் பிறக்கிறது. ஆவியில் அது கிடைக்கவே கிடைக்காது. நெய்யில் கிளறும்போது ஓரளவு கிடைக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு அடுப்பருகே நின்று, அடிப்பிடிக்காமல் கைவலிக்கக் கிண்ட வேண்டும். நான் ஓவனில் வைத்துவிட்டு மற்ற சமையலைப் பார்ப்பேன். காய் பழையதாக இருந்தால் இனிப்பு கூடும். சுட்ட மணம் அதனால் வந்துவிடாது. இவை இரண்டும் வேறு வேறு.

இசிப்பிங்கோ மருமகள்:
முட்டை சேர்க்காதவர்களை நீங்கள் மறந்துவிட்டீர்கள். எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திருவிழா புனித வெள்ளியை ஒட்டி வருகிறது. அந்த நாள்களில் எங்கள் வீட்டில் விரதம், முட்டை உள்ளே வராது. முட்டைக்குப் பதிலாக மெய்சீனா என்னும் சோளமாவைச் சேர்த்து வெந்நீர்த் தட்டில் வைத்தால் புட்டிங் இறுகாது, ஏனென்றால் சோளமாவு கொதிநிலையை நெருங்கினால்தான் முழுமையாகக் கெட்டிப்படும். ஆகவே 400 மில்லி தேங்காய்ப்பாலில் மூன்று மேசைக்கரண்டி மாவைக் கரைத்து, மசியலோடும் சர்க்கரையோடும் சேர்த்து, குமிழி வரும் வரை அடுப்பில் காய்ச்சிய பிறகே ஓவன் பாத்திரத்தில் ஊற்றுவேன். மசியலில் ஈரம் மிஞ்சினால் மறுநாள் பாத்திரத்தின் ஓரமெல்லாம் நீர் விட்டு நிற்கும். முட்டை இல்லாத புட்டிங்குக்குச் சுட்ட பரங்கிதான் நம்பகமானது.

செட்ஸ்வர்த் தாத்தா:
மருமகளிடம் ஒரு கேள்வி. அடுப்பிலேயே காய்ச்சிக் கெட்டியாக்கிவிட்ட பிறகு அதை ஓவனில் வைப்பானேன்? கிண்ணத்தில் ஊற்றிச் சூடாகப் பரிமாறினால் ஆகாதா?

இசிப்பிங்கோ மருமகள்:
மேலே ஆடை சிவக்க வேண்டுமே, ஐயா! 180 டிகிரியில், வெந்நீர்த் தட்டு இல்லாமல், மேலே கொஞ்சம் தேங்காய்த்துருவலும் சர்க்கரையும் தூவி இருபது நிமிடம் வைத்தால் மேற்பரப்பு மொறுமொறுப்பாகிவிடும். அது இல்லையென்றால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதைக் கஞ்சி என்பார்கள்.

செட்ஸ்வர்த் தாத்தா:
சரி, எப்படியும் ஓவனை மூட்டத்தான் வேண்டுமென்றால் பரங்கியையும் அதிலேயே சுட்டுக்கொள்ளுங்கள். முட்டை இல்லாத வகைக்கு அவ்வளவு தூரம் விட்டுக்கொடுக்கிறேன். முட்டை சேர்க்கும் புட்டிங்குக்கு ஆவியும் துணியும் நெய்யும் போதும் என்பதில் மாற்றமில்லை. கிராம்பை மட்டும் இரண்டு கட்சியினரும் அளவோடு போடுங்கள். சிட்டிகையைத் தாண்டினால் நாக்கு மரத்து, பட்டையும் ஜாதிக்காயும் இருக்கும் இடமே தெரியாது.