மலையில் எதிர்ப்பட்ட இசைத்தட்டுகள்: இன்னும் மனத்தை விட்டு அகலாத ஒரு சந்திப்பு

நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் பழைய இசைத்தட்டுகளைச் சேகரிக்கும் ஐந்து அன்பர்கள், தங்களால் மறக்க முடியாத ஒரு சந்திப்பைப் பற்றி ஒருவருக்கொருவர் எழுதியவை இவை.

கோத்தகிரியிலிருந்து:

நாடக மேடைப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பாவின் 78 தட்டு (நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய அரக்குத் தட்டு) ஒன்று எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் இருப்பதாகத் தெரிந்ததும் நான் அங்கே ஓடியது, தட்டுக்காக மட்டுமல்ல, அதன் உறைக்காகவும்தான். தட்டு என்றாவது ஒரு நாள் வேறெங்காவது கிடைத்துவிடும். இலங்கையின் ஹட்டன் நகரத்துக் கடையொன்றின் பெயரை அச்சிட்ட பழுப்புக் காகித உறை இத்தனை காலம் பிழைத்திருப்பது அபூர்வம். அந்தக் குடும்பம் இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பின் தாயகம் திரும்பியது. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, அரசின் டேன்டீ தேயிலைத் தோட்ட வேலைக்காக இந்த மலைக்கு வந்தவர்கள், தட்டுகளை டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

விலையில் அந்தப் பாட்டியம்மா பேரமே பேசவில்லை. பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்ட பிறகு, தட்டை உறையிலிருந்து உருவி என் கையில் கொடுத்து, "இதை எடுத்துக்கோங்க தம்பி, காகிதம் எங்களுக்கு வேணும்" என்றார். உறையின் பின்புறத்தில் பென்சிலால் சில வரிகள் இருந்தன. அவருடைய கணவர் பிள்ளைகளின் பிறந்த தேதிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, அடியில் குடும்ப அட்டையின் எண்ணையும் குறித்துவைத்திருந்தார். பாட்டியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த வரி எந்தப் பிள்ளையுடையது என்று விரல் வைத்துக் காட்டத் தெரிந்தது. படித்துக் காட்டச் சொன்னார். மூன்றாவது வரிக்கு வந்தபோது என்னை நிறுத்தி, அடுப்படியிலிருந்த மகளைக் கூப்பிட்டு, மறுபடியும் படிக்கச் சொன்னார். மகள் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, ஆதாரில் வேறு தேதி இருக்கிறது என்றார்.

27 வயதில், 1933-இல் மறைந்த ஒரு பெருங்கலைஞரின் குரல் இப்போது என் அலமாரியில் புதிய வெள்ளை உறையில் இருக்கிறது. அது ஹட்டனில் வாங்கப்பட்டது என்பதற்கு அந்தத் தட்டில் ஓர் அடையாளமும் இல்லை.

வெலிங்டனிலிருந்து:

தட்டு முழுதாக உங்கள் கைக்கு வந்ததே, அதற்கே மகிழுங்கள். குன்னூரில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது சாமான்களை மொத்தமாக எடுத்த வியாபாரி, தட்டுகளை மூட்டைகளுக்கு நடுவே படுக்கவைத்து அடுக்கியிருந்தார். அடியில் இருந்தவை தூளாகிவிட்டன. மேல் அடுக்கில், பார்லோஃபோன் என்ற கம்பெனியின் லேபிளுடன், இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழுவின் 78 தட்டு ஒன்று இருந்தது. சேகரிப்பவர்களுக்கு அதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. மற்ற நாடுகள் பெரும்பாலும் 78-ஐக் கைவிட்டு வினைல் என்ற நெகிழித் தட்டுகளுக்கு மாறிய பிறகும், மின்சாரம் எட்டாத வீடுகளில் சாவி கொடுக்கும் கிராமபோன்கள் ஏராளமாக இருந்ததால், கிராமபோன் கம்பெனி 1960-களின் நடுப்பகுதியிலும் இந்தியாவில் இவற்றை அரக்குத் தட்டுகளாகவே வெளியிட்டது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடி அலைவது இவற்றைத்தான்.

எனக்குப் பக்கத்தில் நின்ற ஓர் இளைஞர், பீட்டில்ஸ் காலத்தில் எல்லாம் வினைல்தான், 78 என்றால் போலி என்று உறுதியாகச் சொன்னார். வியாபாரிக்குத் தன் பொருளைப் போலி என்று சொன்னது பொறுக்கவில்லை. வினைல் என்றால் வளையும் என்று அந்த இளைஞரே சொல்லிக்கொண்டிருந்ததால், வியாபாரி தட்டை இரண்டு கையாலும் பிடித்து வளைத்துக் காட்டினார். நான் "ஐயா, வேண்டாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் அது அப்பளம் நொறுங்குவது போல உடைந்துவிட்டது. உடைந்த விளிம்பில், மேலே பளபளத்த கறுப்புக்குக் கீழே, கரகரப்பான கல்மாவு போன்ற சாம்பல் நிறம் தெரிந்தது. அரக்கோடு கல் தூளும் புகைக்கரியும் சேர்த்துத்தான் 78 தட்டு வார்க்கப்பட்டது என்பதை அந்த இளைஞருக்கு நான் அங்கேயே காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். லேபிள் ஒட்டியிருந்த துண்டை வியாபாரி எனக்குச் சும்மாவே கொடுத்தார்.

உதகையிலிருந்து:

கோத்தகிரி அன்பரே, உறை போனதற்கு வருந்தாதீர்கள். இந்த மலையில் பழைய காகித உறைதான் தட்டுக்கு முதல் எதிரி. ஈரத்தை உறிஞ்சிப் பூசணத்தை வளர்ப்பது அதுதான். அதைத் தனியே வைப்பதே முறை.

என்னை உறுத்துவது வேறு ஒன்று. லவ்டேல் பக்கத்திலிருந்து ஒருவர் தம் தகப்பனாரின் தட்டுகளைக் கொண்டுவந்து, தாமே சுத்தம் செய்திருப்பதாகப் பெருமையோடு கொடுத்தார். கூடவே அவர் துடைத்த வெள்ளைத் துணியும் இருந்தது. அது கன்னங்கரேலென்று இருந்தது. மருந்துக்கடை ஸ்பிரிட்டால் துடைத்திருக்கிறார். அழுக்கு இவ்வளவு வந்தது பாருங்கள் என்றார். அது அழுக்கல்ல, அரக்கு.

ஆகவே இதைப் படிக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன். அரக்கு ஆல்கஹாலில் கரையும், வினைல் கரையாது. வினைலுக்குச் சொல்லப்படும் திரவம் எதையும், அதில் ஆல்கஹால் இல்லை என்று தெரியாமல், 78-இன் மேல் ஊற்றக் கூடாது. காய்ச்சி வடித்த நீரில் மென்மையான சோப்புத் திரவம் ஒரு துளி விட்டு, லேபிள் நனையாமல், பள்ளங்களின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, நல்ல நீரால் மறுபடி துடைத்து, நிழலில் நிறுத்திக் காயவைக்க வேண்டும். வெயில் வந்துவிட்டதே என்று திண்ணையில் பரப்பினால் தட்டு நெளிந்துவிடும். தட்டுகளை எப்போதும் செங்குத்தாக, சாயாமல் நிறுத்திவையுங்கள். வெலிங்டன் அன்பர் பார்த்த தூளுக்குக் காரணம் படுக்கை அடுக்குதான். வெளிச்சுவரை ஒட்டி அலமாரி போடாதீர்கள், ஏனென்றால் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிச்சுவரில் ஈரம் ஏறும். கூடலூர்ப் பக்கம் ஆனி, ஆடியிலேயே அது தொடங்கிவிடும். முள்ளையும் கவனியுங்கள். 78-இன் பள்ளம் அகலமானது, அதற்கு ஏறக்குறைய 0.075 மில்லிமீட்டர் முனை வேண்டும், எல்.பி. எனப்படும் நீண்ட நேர வினைல் தட்டுக்கான முள்ளின் முனை அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்பதால், பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியைக் கிளறிக்கொண்டே ஓடி, இரைச்சலைத்தான் எடுத்துக் கொடுக்கும். மாறாக, எல்.பி. தட்டைச் சாவி கிராமபோனில் வைப்பது கொலைக்குச் சமம். கிராமபோனில் முள்ளைத் தாங்கும் சவுண்ட் பாக்ஸின் கனமும் எஃகு முள்ளும் ஒரே ஓட்டத்தில் பள்ளத்தை உழுதுவிடும். கீறல் விழுந்த தட்டை வாங்கவே வாங்காதீர்கள். லேபிளில் பேனாவால் எழுதியிருந்தாலும் விலையில் பாதியைக் குறைத்துக் கேளுங்கள்.

பண்ணைக்காட்டிலிருந்து:

உதகை அன்பரின் துப்புரவு முறைகளை ஏற்கிறேன். கடைசி இரண்டு வாக்கியங்களை ஏற்க முடியவில்லை, உறையைப் பற்றிச் சொன்னதையும்தான். பூசணம் பிடிக்கும் என்பதற்காக ஒரு குடும்பம் தன் பிள்ளைகளின் பிறந்த தேதிகளை எழுதிவைத்த காகிதத்தை எதிரி என்று சொல்லலாமா?

கொடைக்கானல் மலையில் எங்கள் ஊர்ப் பக்கத்தில் மைக் செட் வைத்திருந்த பெரியவர் ஒருவர் தம் ஈ.பி. தட்டுகளை (சில பாட்டுகளே கொண்ட சிறிய வினைல் தட்டுகளை) எனக்குக் காட்டினார். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று காப்பித் தோட்டத்துக் கிராமங்கள் எல்லாவற்றுக்கும் குழாய் ஒலிபெருக்கியோடு போய்வந்த தட்டுகள் அவை. ஒவ்வொரு தட்டிலும், பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் இருக்கும் வெற்றிடத்தில், குண்டூசியால் தம் பெயரைக் கீறியிருந்தார். ஒரே திருவிழாவுக்கு இரண்டு செட் வந்தால் தட்டுகள் கலந்துவிடும், அதனால்தான் என்றார். அங்கே இருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணைத்தானே நாம் எல்லோரும் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிறோம்? எந்த அச்சிலிருந்து தட்டு வந்தது என்று கம்பெனி எழுதியது அது. யார் கையில் அது வாழ்ந்தது என்று இவர் எழுதியிருக்கிறார்.

'அன்னக்கிளி' தட்டை எனக்காகப் போட்டார். 1976-இல் அந்தப் படத்தில்தான் இளையராஜா அறிமுகமானார். கீழே தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்துக்காரர் என்பதால் இந்த மலைக்காரர்களுக்கு அவர் மேல் தனி உரிமை உண்டு. தட்டு மிகவும் தேய்ந்திருந்தது. முள் தாவாமல் இருக்க, முள்ளைத் தாங்கும் கையின் தலைமேல் பழைய பத்துப் பைசா நாணயம் ஒன்றை வைத்தார். நாணயத்தின் பாரம் பள்ளத்தை இன்னும் அரிக்கும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். விளக்கொளியில் தட்டைச் சாய்த்து, பள்ளங்களின் பளபளப்பு மாறும் இடத்தைக் கண்ணால் பிடித்து, வேண்டிய பாட்டின் முதல் எழுத்திலேயே முள்ளை இறக்கினார். எழுபதைத் தாண்டிய கை, சிறிதும் நடுங்கவில்லை. வீட்டுக்கு வெளியே மிளகு காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்தாமலே பாட்டைத் தொடர்ந்தார்கள்.

கீறல் இல்லாத 'அன்னக்கிளி' என்னிடம் இருக்கிறது. அவருடையதை விலைக்குக் கேட்டேன், தரவில்லை. அதற்குக் கொடுக்க நினைத்த விலை, கீறல் இல்லாததற்கு நான் கொடுத்ததைவிட அதிகம்.

கூடலூரிலிருந்து:

தேய்மானத்தைப் பற்றி உதகை, பண்ணைக்காடு அன்பர்கள் இரண்டு பேரும் வாதிடுவதால் இதைச் சொல்கிறேன். தேய்வதில் ஒரு குடும்பத்துக்காகவோ ஊருக்காகவோ தேய்வது ஒன்று. எதற்குமில்லாமல் தேய்வது வேறொன்று. உதகையில் சுற்றுலாப் பயணிகள் நடமாடும் சாலையில் ஒரு கடை வாசலில், பளபளக்கும் பித்தளைக் குழாய் வைத்த 'பழங்கால' கிராமபோன் நிற்கும். பெட்டி புது மரம். குழாய் புதுப் பித்தளை. உள்ளே இருப்பது மட்டும் ஏதோ ஒரு கையடக்கக் கிராமபோனிலிருந்து பிடுங்கிய மோட்டார். ஒரு நல்ல பழைய கருவியைக் கொன்று இப்படி ஒன்றைச் செய்கிறார்கள். 1931-இல் வந்த ஹெச்.எம்.வி. 102 போன்ற பெட்டிகள் குறைந்துகொண்டே வருவதற்கு இதுவும் காரணம்.

அதைவிட என்னை வருத்தியது, அதன்மேல் சுற்றிக்கொண்டிருந்த தட்டு. அது எம். கே. தியாகராஜ பாகவதருடையது. போவோர் வருவோரைக் கூப்பிடுவதற்காக அதே தட்டின் அதே பக்கத்தை, துருப்பிடித்த ஒரே முள்ளைக் கொண்டு, நாள் முழுதும் ஓட்டுகிறார்கள். 78 தட்டில் கலந்த கல் தூள், முதல் சில சுற்றுகளிலேயே முள்ளின் முனையைத் தேய்த்துப் பள்ளத்துக்குப் பொருந்தச் செய்வதற்காக இருப்பது. அதனால்தான் ஒவ்வொரு பக்கத்துக்கும் புது முள் போட வேண்டும் என்பது அக்காலத்து விதி. தேய்ந்த முள் உளியாக மாறி, பள்ளத்தையே செதுக்கத் தொடங்கிவிடும். அந்தத் தட்டின் கறுப்பு முழுதும் வெளிறி, சிலேட்டில் எழுதி அழித்த நிறத்துக்கு வந்திருந்தது. உச்சஸ்தாயிக்குப் போகும் இடங்களில் பாகவதரின் குரலே இல்லை, சீறல்தான் கேட்டது.

தட்டைக் கேட்டேன், அது விற்பனைக்கு இல்லை, ஆள் கூப்பிட வேண்டும் என்றார்கள். வேறு தட்டு கொண்டுவந்து மாற்றித் தருகிறேன் என்றேன். கடைக்காரத் தம்பி, "முதலாளியக் கேக்கணும் சார்" என்றார். என்னிடம் உபரியாக இருந்த புது முள் டப்பா ஒன்றை அவரிடம் கொடுத்து, எப்படி மாற்றுவது என்றும் காட்டிவிட்டு வந்தேன். சென்ற வாரம் அவ்வழியாகப் போன நண்பர், டப்பா கல்லாப்பெட்டியின் மேல் பிரிக்கப்படாமலே இருப்பதாகச் சொன்னார். உதகையிலேயே இருக்கும் அன்பர் அந்தக் கடை முதலாளியிடம் ஒருமுறை நேரில் பேச முடியுமா?