மிளகுக்கொடிக்கு மயில்துத்தம்: வேரில் போடலாமா?

கேள்வி (கொல்லிமலை)

வணக்கம். சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு 200 கொடி இருக்கிறது. போன மழையில் இலையில் கறுப்புத் திட்டு விழுந்து, முப்பது கொடி கணுக்கணுவாகக் கழன்று செத்துப்போனது. கடையில் கேட்டால், "கொடிக்கு ஒரு கைப்பிடி துத்தம் மண்ணில் போடு, உரமும் ஆச்சு, மருந்தும் ஆச்சு" என்கிறார்கள். முன்பு நானே துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்துப் போர்டோ கலவை கலக்கி அடித்துத் தளிரெல்லாம் கருகிவிட்டது. அதனால் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில் 1 (தாண்டிக்குடி)

தம்பி, கைப்பிடிக் கணக்கில் மட்டும் போட்டுவிடாதீர்கள். மிளகின் சல்லிவேர் மேல்மண்ணிலேயே ஓடுகிறது, துத்தம் நேரே பட்டால் வெந்துபோகும். துத்தத்தில் இருப்பது தாமிரம். அது பயிருக்கு வேண்டிய சத்துதான், ஆனால் துளியளவு போதும். மண்ணில் விழுந்த தாமிரம் மக்கி அழியாது, வருடா வருடம் சேரும். காபிக்குப் பல வருடம் போர்டோ அடித்த நிலமென்றால் ஏற்கெனவே நிறைய இருக்கும். மண் பரிசோதனையில் குறை என்று வந்தால் மட்டும் உரமாக யோசியுங்கள்.

உங்கள் கொடியைக் கொன்றது பைட்டோப்தோரா என்ற நோய்க்கிருமி. அதற்கு 1 சதவீத போர்டோ கலவைதான் காவல். 1 கிலோ துத்தத்தை 50 லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். இன்னொரு பேரலில் 1 கிலோ கல் சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றி, நன்றாக ஆறவிட்டு, வடிகட்டி 50 லிட்டராக்குங்கள். சூட்டோடு கலந்தால் திரிதிரியாகி நாசிலை அடைக்கும். துத்தத் தண்ணீரைத்தான் சுண்ணாம்பில் ஊற்ற வேண்டும், விடாமல் கலக்கிக்கொண்டே. மாற்றி ஊற்றாதீர்கள். பிளாஸ்டிக் பேரல் போதும், இரும்பும் தகரமும் ஆகாது.

தளிர் கருகியதற்குப் பெரும்பாலும் சுண்ணாம்புதான் காரணம். காற்றுப்பட்டுப் பொடிந்துபோன பழைய சுண்ணாம்புக்கு வீரியம் இருக்காது, துத்தத்தின் புளிப்பு அப்படியே நின்று இலையைச் சுடும். கலக்கியதும் பளபளவென்று தேய்த்த கத்தியை ஒரு நிமிடம் முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்புப் பால் இன்னும் ஊற்ற வேண்டும். கத்தி வெள்ளையாகவே வரும்வரை நான் ஒரு செடியிலும் அடிப்பதில்லை.

இது செத்த கொடியை எழுப்பாது. நோய் வருமுன் இலைமேல் படிந்திருந்தால்தான் பலன். தென்மேற்கு மழைக்கு முன் ஒரு தடவை, ஆகஸ்ட்-செப்டம்பரில் இன்னொரு தடவை. 2018-இல் ஆள் கிடைக்கவில்லை என்று இரண்டாவது தெளிப்பை விட்டேன். நவம்பரில் கஜா புயல் மழை வந்தது. அப்பா நட்ட கரிமுண்டா ரக மிளகுக் கொடிகளில் பாதிக்கு மேல் போய்விட்டன. இன்னும் அந்த வரிசைப் பக்கம் போனால் மனசு கனக்கிறது.

பதில் 2 (கூடலூர்)

அண்ணன் சொன்னது சரி. எங்கள் ஊரில் துத்தத்தைத் துரிசு என்போம். ஒன்று சேர்க்கிறேன்: வேருக்கு டிரைக்கோடெர்மா போடுகிறீர்களா? அது நோய்க்கிருமியை அடக்கும் நல்ல பூஞ்சை, தாமிரம் அதையும் கொல்லும். வேரில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற தாமிர மருந்தை ஊற்றினால் ஒரு மாதம் கழித்து டிரைக்கோடெர்மா இடுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. வீட்டிலிருந்த சுண்ணாம்பில் கால் பங்கு அளவில் கலக்கிப் பார்த்தேன், கத்தி சிவந்துவிட்டது! காளவாசலிலிருந்து புதுக் கல் சுண்ணாம்பு வாங்கி வந்து மறுபடி கலக்கினேன், கத்தி வெள்ளையாகவே இருந்தது. மிச்சக் கலவையை நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா?

பதில் 1 (தாண்டிக்குடி)

வேண்டாம், அன்றைக்கு அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். நின்றால் அடியில் படிந்து, இலையில் ஒட்டாது. வெயில் ஏறுமுன் அடியுங்கள், அடித்தது காய நேரம் வேண்டும். செத்த கொடிகளை வேரோடு தோண்டி எரித்துவிடுங்கள்.

பதில் 2 (கூடலூர்)

பேரல் கழுவிய தண்ணீரை ஓடையில் ஊற்றாதீர்கள், மீனுக்கு விஷம். கையுறை, கண்ணாடி இல்லாமல் துத்தத்தைத் தொடவும் வேண்டாம்.