பாஸ்வேர்ட் மேனேஜர்: அம்மா எங்கே தடுக்கி விழுகிறார்?

கைநாட்டு:
நண்பர்களே, ஓய்வு நேரத்தில் ஒரு சின்ன பாஸ்வேர்ட் மேனேஜர், அதாவது எல்லாத் தளங்களின் பாஸ்வேர்டையும் சேமித்து வைத்துத் தானே நிரப்பித் தரும் ஆப், எழுதிக்கொண்டிருக்கிறேன். பாஸ்வேர்டுகளைப் பூட்டிவைக்கும் மறையாக்கத்துக்கு நன்கு சோதிக்கப்பட்ட ஆயத்த நிரல் லைப்ரரிதான், அதில் கவலை இல்லை. போன வாரம் அம்மாவின் போனில் போட்டுக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பார்த்தேன். முதல் திரையில் 'உங்கள் வால்ட் காலியாக உள்ளது' (வால்ட் என்றால் பாஸ்வேர்டுகள் இருக்கும் பெட்டகம்) என்று வந்ததுமே, 'எதையோ அழிச்சுட்டேன் போல' என்று போனைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் ஒரு தளத்தில் பாஸ்வேர்டை மாற்றினார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அதே தளத்துக்கு மூன்று பதிவுகள்: ஒன்றில் பழையது, ஒன்றில் புதியது, ஒன்றில் பயனர் பெயரே இல்லை. மறுபடி நோட்டுப் புத்தகத்துக்கே போய்விட்டார். எங்கிருந்து திருத்துவது?

பழையசாவி:
முதலில் அந்த வால்ட்டைத் தூக்குங்கள். காலித் திரையே வேண்டாம். 'எந்தத் தளத்தில் நுழைந்தாலும் சேமிக்கவா என்று கேட்பேன்' என்று ஒரு வரி போதும். முதல் நாளே எல்லாக் கணக்கையும் உட்கார்ந்து ஏற்றச் சொன்னால் நானே ஓடிவிடுவேன்.

நள்ளிரவு_நிரல்:
மூன்று பதிவுக்குக் காரணம் அம்மா இல்லை. பல தளங்கள் பயனர் பெயரை ஒரு பக்கத்திலும் பாஸ்வேர்டை அடுத்த பக்கத்திலும் கேட்கின்றன, இரண்டையும் உங்கள் ஆப் சேர்த்துப் பார்ப்பதில்லை. ஒரே தளம், ஒரே பயனர் என்றால் 'சேமிக்கவா' என்று கேட்காதீர்கள், 'பழையதை மாற்றவா' என்று கேளுங்கள், பழையதையும் அந்தப் பதிவின் 'வரலாறு' பகுதியில் வையுங்கள். முக்கியமானது இன்னொன்று: பாஸ்வேர்டை உருவாக்கிய நொடியிலேயே சேமித்துவிடுங்கள், ஏனென்றால் தளம் அதை ஏற்றுக்கொண்ட பிறகு உங்கள் சேமிப்புப் பெட்டியை அம்மா கவனிக்காமல் மூடிவிட்டால், அந்தப் பாஸ்வேர்ட் அவரிடமும் இல்லை, ஆப்பிடமும் இல்லை. வசதிக்காக முகவரிப் பொருத்தத்தை, அதாவது சேமித்த தள முகவரியும் திறந்திருக்கும் முகவரியும் ஒன்றா என்று பார்ப்பதை, மட்டும் தளர்த்திவிடாதீர்கள். போலித் தளத்தில் தானாக நிரப்பாமல் இருப்பதுதான் இந்த மென்பொருளின் பெரிய லாபமே. ஆனால் சும்மா இருந்தால் 'ஆப் வேலை செய்யலை' என்று நினைத்து அவரே காப்பி எடுத்து ஒட்டிவிடுவார். 'இந்த முகவரிக்கு எதுவும் சேமிக்கவில்லை, முகவரியைச் சரிபாருங்கள்' என்று வாய் திறந்து சொல்ல வேண்டும்.

ரிமோட்_ராஜா:
டிவியில் ரிமோட்டை வைத்துக்கொண்டு 20 எழுத்துப் பாஸ்வேர்ட் அடித்திருக்கிறீர்களா? அது சின்ன 'l'-ஆ, பெரிய 'I'-யா, பூஜ்யமா, 'O'-வா என்றே தெரியாமல் நாலு தரம் தப்பாகி, கணக்கே பூட்டிக்கொண்டது. குழப்பும் எழுத்துகளை விட்டுவிடும் வசதியும், பாஸ்வேர்டைப் பெரிதாக எழுத்தெழுத்தாகக் காட்டும் திரையும் கட்டாயம்.

நாளைக்குப்_பார்க்கலாம்:
இதற்கெல்லாம் ஏன் மெனக்கெடுகிறீர்கள்? 2022லேயே ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும், பாஸ்வேர்ட் இல்லாமல் போனைத் திறக்கும் கைரேகை, முகம் அல்லது பின் எண்ணாலேயே தளத்தில் நுழைய வைக்கும் பாஸ்கீக்குச் சேர்ந்து கைகோத்துவிட்டன. பாஸ்வேர்டே போகப்போகிறது.

பழையசாவி:
போகட்டும், சந்தோஷம். அதுவரை எல்லாத் தளமும் மாறும் என்று அம்மா காத்திருக்க முடியாதே. கைநாட்டு, அந்த நோட்டைப் பிடுங்காதீர்கள். ஆப்பையே திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்ட் மறந்தால் உங்களாலும் மீட்க முடியாது, அதுதானே இதன் அமைப்பே? டைஸ்வேர் முறையில் 7776 சொற்கள் உள்ள பட்டியலிலிருந்து பகடை உருட்டி ஆறு சொல் எடுத்து, அதையே மாஸ்டர் பாஸ்வேர்டாகக் கொடுங்கள். அந்த ஆறையும் நோட்டில் எழுதி வைக்கட்டும். வீட்டு நோட்டைத் திருட ஆள் வீட்டுக்குள் வர வேண்டும், எல்லாத் தளத்துக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைத்தால் அந்தச் சிரமம்கூட வேண்டாம்.

கைநாட்டு:
வால்ட் போயாச்சு, 'மாற்றவா' கேள்வியும் வந்தாச்சு. பகடை நேற்று இரவு உருட்டினோம், ஒரு சொல் பிடிக்கவில்லை என்று அம்மா மறுபடி உருட்டப் பார்த்தார், விடவில்லை. ஏற்கெனவே இருக்கும் அந்த மூன்று பதிவுகளை என்ன செய்வது? கடைசியாக வெற்றிகரமாக நுழைந்த தேதியை வைத்து ஒன்றாக்கலாமா, இல்லை அவரையே கேட்கலாமா?

நள்ளிரவு_நிரல்:
தேதியை வைத்து ஒன்றாக்குங்கள். மற்ற இரண்டையும் அழிக்காமல் வரலாற்றில் தள்ளிவிடுங்கள். அவரைக் கேட்காதீர்கள், அவருக்கு எப்படித் தெரியும்?