அமுதோ: எதிர்மறை இருந்தும் வாக்கியம் பிழையாவது ஏன்?

வினைமுற்று (கேள்வி கேட்பவர்):
கொரிய மொழியில் 'அமுதோ' (யாரும்) வந்தால் எதிர்மறை கட்டாயம். ஆனால் 'அமுதோ மினாகா அன் வத்தாகோ மல்ஹெத்தா' (சொல்லுக்குச் சொல்: யாரும் மினா வரவில்லை என்று சொன்னார்கள்) என்பதில் எதிர்மறைச் சொல் 'அன்' இருந்தும் பிழை என்கிறார்கள். காரணம் என்ன? வாசிக்கும் வேகத்தை அளந்து இதைச் சோதிக்க வாக்கியங்களை எப்படி அமைப்பது?

இடைச்சொல்:
எதிர்மறை எங்கோ இருந்தால் போதாது, அமுதோ எந்த வினையோடு சேர்கிறதோ அந்த வினையில் இருக்க வேண்டும். இங்கே அமுதோ 'மல்ஹெத்தா'வின் (சொன்னது) எழுவாய். 'அன்' உள்வாக்கியத்து 'வத்தா'வைப் (வந்தது) பிடித்துக்கொண்டிருக்கிறது. சரியான வடிவம்: 'அமுதோ மினாகா வத்தாகோ மல்ஹாஜி அனத்தா', மினா வந்ததாக யாரும் சொல்லவில்லை. தமிழிலும் 'யாரும் மினா வரவில்லை என்று சொன்னார்கள்' நிற்காது.

அதற்காகத் தமிழ்க் காதை முழுக்க நம்பிவிடாதீர்கள். 'யாரும் வரலாம்' நமக்குச் சரி. அமுதோ அங்கே வராது, 'அமுனா ஓல் சு இத்தா' என்றுதான் சொல்ல வேண்டும். சாதாரணக் கேள்வியிலும் அமுதோ நிற்காது. 'யாராவது வந்தார்களா?' என்பதற்கு 'நுகா வஸ்ஸோ?' போதும். அந்தக் கேள்விக்கு விடையாக 'அமுதோ' என்று ஒற்றைச் சொல் சொன்னால் மட்டும் சரி, விடுபட்ட எதிர்மறையைக் கேட்பவர் நிரப்பிக்கொள்வார்.

எச்சம்:
சோதனைக்கு 'மல்ஹெத்தா'வை எடுக்காதீர்கள். எதிர்மறையாக்கினால் 'மல்ஹாஜி அனத்தா' என இரண்டு சொல்லாகிவிடும், நேரத்தை நேராக ஒப்பிட முடியாது. 'அல்தா' (தெரியும்), 'மோருதா' (தெரியாது) இணையைப் பயன்படுத்துங்கள். நம் 'தெரியாது' போலவே மோருதாவுக்குள்ளேயே எதிர்மறை இருக்கிறது, அமுதோ அதை ஏற்கும். இறந்தகாலத்தில் இரண்டும் ஒரே சொல், மூன்றே அசை: அரத்தா, மொல்லத்தா. உள்வினைக்கு 'இத்தா' (இருக்கிறது), 'ஒப்தா' (இல்லை); இவையும் அசைக்கணக்கில் சமம்.

அமுதோவுக்கு மூன்று நிலை: இத்தா–மொல்லத்தா (சரி), ஒப்தா–அரத்தா (பிழை, நடுவில் பொய்த்துணை: எதிர்மறை இருக்கிறது, ஆனால் தவறான வினையில்), இத்தா–அரத்தா (பிழை, துணையே இல்லை: எதிர்மறை எங்குமே இல்லை). கடைசி வினையில் இரண்டாவது மூன்றாவதைவிட வேகமாக வாசிக்கப்பட்டால், உள்ளே கிடந்த எதிர்மறை வாசிப்பவரை ஏமாற்றியிருக்கிறது என்று பொருள். வினை கடைசியில் வரும் மொழியில் இது முக்கியமான கேள்வி. அமுதோவைப் பார்த்ததுமே எதிர்மறைக்குக் காத்திருக்கும் வாசகருக்கு முதலில் கிடைப்பது தவறான வினைதான்.

அமுதோவுக்குப் பதில் 'மோதுகா' (எல்லாரும்) வைத்து அதே மூன்றையும் எழுதுங்கள். அதில் எல்லாமே சரியான வாக்கியம், ஆகவே வினைகளுக்கு இடையிலான இயல்பான வேக வேறுபாடு தெரிந்துவிடும். மொத்தம் ஆறு நிலை. ஒரே வாக்கியத்தின் ஆறு வடிவங்களும் சேர்ந்தது ஒரு தொகுதி. 36 தொகுதி, அவற்றை ஆளுக்கொன்றாகக் கொடுக்க ஆறு பட்டியல். ஒருவர் ஒரு தொகுதியில் ஒரு வடிவத்தை மட்டுமே பார்க்க வேண்டும், நிலைக்கு ஆறு வாக்கியம் கிடைக்கும். குறைந்தது 72 நிரப்பு வாக்கியம் (சோதனையின் நோக்கத்தை மறைக்கச் சேர்க்கும் வேறு வாக்கியம்) கலக்கவும்.

வினைமுற்று:
கடைசி வினைதான் அளக்கும் இடம் என்றால், வாக்கிய முடிவில் எல்லாரும் தாமதிப்பது கலந்துவிடாதா?

எச்சம்:
கலக்கும். அதனால் அங்கே முடிக்கவே கூடாது. 'தா'வை எடுத்துவிட்டு 'ஜிமன்' (ஆனால்) சேர்த்து, கூட்டம் நேரத்துக்குத் தொடங்கியது என்பது போல மூன்று நான்கு சொல் நீட்டுங்கள். தாமதம் பெரும்பாலும் அடுத்த சொல்லில்தான் தெரியும், அதையும் சேர்த்து அளக்கவும். தொடரும் பகுதி ஆறு நிலைக்கும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்கட்டும்.

இடைச்சொல்:
நிரப்பு வாக்கியங்களில் 'பக்கே' சேர்க்காதீர்கள். 'செ ம்யோங்பக்கே அன் வத்தா' என்றால் மூன்று பேர்தான் வந்தார்கள். அதுவும் எதிர்மறை கேட்கும் சொல், வாசகருக்கு எதைச் சோதிக்கிறீர்கள் என்று பிடிபட்டுவிடும். அதே பொருளுக்கு 'மன்' (மட்டும்) போடுங்கள், அதற்கு எதிர்மறை தேவையில்லை.